ஏழா, பன்னிரண்டா, முப்பத்தாறா?

பாளையம்பட்டி என்ற பெயரில் எத்தனை எழுத்து என்று முதல் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள். பா, ளை, ய, ம், ப, ட், டி என்று விரல் மடக்கி ஏழு என்று சொல்லிவிடும். அதே பெயரின் நீளத்தைக் கணினி மொழிகளிடம் கேட்டால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 12 என்கின்றன, சியும் கோவும் 36 என்கின்றன. பிள்ளை சொன்ன 7-ஐச் சொல்வது ஸ்விஃப்ட். புதிதாக ஒரு மொழியைத் தொட்டால் முதலில் எங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

இவற்றில் எதுவும் தப்புக் கணக்கு இல்லை. எழுத்துக்குறிகளுக்கு எண் தரும் யூனிகோடில் 'பா' என்பது ப-வும் துணைக்காலும். 'ம்' என்பது ம-வும் புள்ளியும். அப்படிப் பிரித்தால் குறிகள் 12. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் 36. அருப்புக்கோட்டைப் பக்கத்து நெசவாளிக்கு இது சட்டென்று பிடிபடும். நூல் விற்கிறவர் எடை பார்ப்பார், பாவு போடுகிறவர் இழை எண்ணுவார், சேலை எடுக்கிறவர் முழம் பார்ப்பார். எடைக்கும் நீளத்துக்கும் நடுவில் பேச்சு நடப்பது 'நம்பர்' என்ற ஒரே சொல்லால்தான்: 840 கஜச் சிட்டம் அறுபது சேர்ந்தால் ஒரு பவுண்டு என்றால் அது 60-ஆம் நம்பர் நூல்.

கணினியிலும் மொழிக்கு மொழி சரக்கு கைமாறும்போது, எண்ணுவது எழுத்தையா குறியையா பைட்டையா என்ற அந்த 'நம்பரை'ச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு ரசீதில் எங்கள் ஊர் 'பாளையம்பட்' என்று அச்சாகி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டத்தோடு வந்தது. யாரோ 32 பைட் போதும் என்று பெட்டி செய்திருக்கிறார்கள். பத்துக் குறி முழுதாக நுழைந்து, பதினோராவது 'ட' மூன்றில் இரண்டு பைட்டோடு வெட்டுப்பட்டிருக்கிறது.

அதற்காக யூடிஎஃப்-8-ஐக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1992-ல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சி உணவகம் ஒன்றில் சாப்பாட்டு மேசைத் தாளில் கிறுக்கிய வடிவம் அது. பழைய ஆங்கிலக் கோப்பு ஒரு பைட் மாறாமல் அப்படியே செல்லும். எந்த பைட்டில் போய் விழுந்தாலும் குறியின் தொடக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சரத்தின் முடிவைப் பூஜ்ஜியத்தால் அடையாளம் காணும் சி மொழியையும் அது குழப்பாது. மொழிகள் பலவும் ஒன்றையொன்று கூப்பிடுவது சி வழியாகத்தான் என்பதால் இது பெரிய காரியம்.

டேஸ்-16 என்னைப் படுத்துகிற அழகு. 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்ற முறை. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். அதில் பாளையம்பட்டி ஏழே குறி. யூடிஎஃப்-8-இல் எழுதினாலும் 21 பைட்தான். மெய்யும் உயிரும் கூட்டல் கணக்கில் சேர்ந்து உயிர்மெய் ஆகும். நன்னூல் படித்தவர் மனம் குளிரும். ஆனால் அது உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதியில். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று அடுத்த இயந்திரத்துக்கு யாராவது தனியாகச் சொல்லியாக வேண்டும். அதனால்தான், வருத்தத்தோடு, நான் 36 பைட்டின் பக்கம் நிற்கிறேன்.

ஸ்விஃப்ட்டின் 7-க்கும் விலை உண்டு. 'ஐந்தாவது எழுத்தைக் கொடு' என்று வெறும் எண்ணால் அதனிடம் கேட்க முடியாது; தொடக்கத்திலிருந்து எழுத்தெழுத்தாக நடந்துதான் போக வேண்டும். அவசரக்காரர்கள் திட்டுவார்கள். எனக்கு அந்த நடை பிடிக்கும். எழுத்து எங்கே முடிகிறது என்று பார்க்காமல் அது கத்தி வைப்பதில்லை. 2019-ல் ஸ்விஃப்ட் 5 வந்தபோது சரங்களை உள்ளே வைத்திருந்த முறையையே யூடிஎஃப்-16-இலிருந்து யூடிஎஃப்-8-க்கு மாற்றினார்கள். சியோடு கொடுக்கல் வாங்கல் எளிதாயிற்று. அடித்தளம் முழுக்கப் பெயர்த்துப் போட்ட வீட்டில் மறுபடி எங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்தேன். ஏழு என்றது.