ஆயரின் இருக்கையும் அதன் எல்லையும்

கத்தோலிக்கப் பேராலயத்தை ரசிக்க முனைபவர் முதலில் ஒரு சொல்மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் 'பேராலயம்' என்னும் ஒரே சொல், திருத்தந்தை தனிப்பட்டம் வழங்கிச் சிறப்பித்த பசிலிக்காவையும் ஆயர் தமது தலைமையிடமாகக் கொண்ட கதீட்ரலையும் சேர்த்தே குறிப்பதால், உயர்ந்த கோபுரமும் திரண்ட கூட்டமும் எங்கே உண்டோ அதுவே மறைமாவட்டத்தின், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள நிலப்பரப்பின், தலைமைக் கோவில் என்று எண்ணிவிட நேர்கிறது. வேளாங்கண்ணியில் லட்சக்கணக்கானோர் கூடினாலும், அவ்வூர் அடங்கிய மறைமாவட்டத்தின் ஆயர் இருக்கை தஞ்சாவூர்த் திருஇருதயப் பேராலயத்தில்தான் உள்ளது.

திருச்சிராப்பள்ளியில் இம்மயக்கம் இன்னும் எளிது. தெப்பக்குளத்தின் அருகே கூர்ங்கோபுரத்துடன் நிற்கும் லூர்து அன்னை ஆலயமும், பாலக்கரையில் சகாயமாதா கோவில் என்று ஊரார் அழைக்கும் உலக மீட்பர் பசிலிக்காவும் கண்ணை முதலில் இழுத்துக்கொள்ள, 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த மேலப்புதூர் மரியன்னை பேராலயம் சற்று ஒதுங்கியே நிற்கிறது. ஆயினும் ஆயரின் கோவில் இதுவே.

கதீட்ரல் என்ற பெயர், இருக்கை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆகவே உள்ளே நுழைபவர் விதானத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன், பலிபீடத்தை ஒட்டி ஆயரின் இருக்கை எங்கே இருக்கிறதென்று தேடுவது நலம். அது பதவி அலங்காரம் அன்று. அங்கு அமர்ந்து போதிப்பவரின் சொல்லுக்கு மறைமாவட்டம் முழுவதும் செவிசாய்க்கிறது என்பதற்கான அடையாளம். அன்றாடத் திருப்பலியை நிறைவேற்றும் குரு அதில் அமர்வதில்லை. அவருக்கு வேறு இருக்கை உண்டு. 2018இல் ஆயர் அந்தோனி டிவோட்டா பணி துறந்த பின், 2021இல் சவரிமுத்து ஆரோக்கியராஜ் நியமிக்கப்படும் வரை திருச்சிக்குத் தனி ஆயர் இல்லை என்பதை அறிந்தவருக்கு, அந்த மரச்சாமானும் வரலாறு பேசும்.

இருக்கையைக் கண்டபின் அதன் எல்லையை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். ரசனையின் பெரும்பகுதி உண்மையில் இங்கேதான் இருக்கிறது. 1886இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் காலத்தில் உருவாகி, இயேசு சபையைச் சேர்ந்த அலெக்சிஸ் கனோசை முதல் ஆயராகப் பெற்ற திருச்சி மறைமாவட்டம், தெற்கே தூத்துக்குடிக் கடற்கரை வரை பரந்திருந்தது. அதிலிருந்து 1923இல் தூத்துக்குடியும், 1938இல் மதுரையும், 2003இல் திண்டுக்கல்லும் தனி மறைமாவட்டங்களாயின. மதுரை 1953இல் உயர் மறைமாவட்டமாகி, அதாவது பேராயரின் தலைமையில் அண்டை மறைமாவட்டங்களை இணைக்கும் மையமாகி, தன்னைப் பெற்ற திருச்சிக்கே தலைமை ஏற்றது. தாய்வீடு மகளின் குடைக்கீழ் வந்த இம்மாற்றத்தை அறியாமல் மேலப்புதூரைப் பார்ப்பது, பாதிக் கோவிலைப் பார்ப்பதுதான். வடக்கே நிலைமை வேறு: லால்குடி அரசுக் கணக்கில் திருச்சி மாவட்டம், திருச்சபைக் கணக்கில் கும்பகோணம் மறைமாவட்டம். அப்பகுதியில் பணிசெய்தவர்கள் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிசு வேதபோதகக் குருக்கள். அவர்களின் பழைய எல்லையே இன்றும் நிலைக்கிறது. இந்தியாவின் 170க்கும் மேற்பட்ட கத்தோலிக்க மறைமாவட்டங்கள் பலவற்றின் வரைபடத்திலும் இப்படிப்பட்ட வரலாற்றுத் தழும்புகள் உண்டு.

பேராலயத்தைக் காணத் தகுந்த நாள், புனித வாரத்திலோ அதையொட்டியோ நடைபெறும் எண்ணெய் அர்ச்சிப்புத் திருப்பலி. அன்று மறைமாவட்டக் குருக்கள் ஆயரைச் சூழ்ந்து நின்று தங்கள் குருத்துவ வாக்குறுதிகளைப் புதுப்பிக்கின்றனர். நோயாளருக்கான எண்ணெயும் திருமுழுக்குக்கு ஆயத்தமாவோருக்கான எண்ணெயும் மந்திரிக்கப்பட்ட பின், ஆயர் ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலத்தைக் கலந்து, பாத்திரத்தின் வாயருகே குனிந்து மூச்சூதி, கிறிஸ்மா என்னும் திருத்தைலத்தை அர்ச்சிக்கிறார். அருகில் நிற்பவர் அந்த மணத்தைக் கோவிலை விட்டு வெளியேறிய பின்னும் உணர்வார்.

வழிபாடு முடிந்ததும் அந்த எண்ணெய் சிறு சிமிழ்களில் பங்குகளுக்குப் பிரிகிறது. திண்டுக்கல் சாலையில் மணப்பாறை, வையம்பட்டி என நீளும் வானம் பார்த்த பூமியின் பங்குகளிலும், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிய ஈரம் காயாத குழந்தையின் உச்சந்தலையில் குரு பூசுவது, மேலப்புதூரில் ஆயர் மூச்சூதிய அதே தைலம்.