ஒரு புள்ளி நஷ்டம்

கொங்கணியும் குஜராத்தியும் தக்கினியும் தமிழும் மலையாளமும் நாலு தெருவுக்குள் கலந்து வழங்கும் மட்டாஞ்சேரியிலே, குஸ்தி பார்க்கக் கூடுகிறவர்கள் ஒருவனைப் புகழ நேர்ந்தால் மட்டும் இங்கிலீஷை நாடுகிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு எதிராளியின் காலில் பாய்கிறவன் அவர்களுக்கு ‘ஃபைட்டர்’. புருவம் கிழிந்து ரத்தம் வழிந்துவிட்டாலோ அவனே ‘வாரியர்’. நின்ற இடத்தில் நிதானமாக நிற்பவனுக்கு எந்தப் பட்டமும் கிடையாது, ஊளைதான். பட்டம் வழங்குவதில் நம் ரசிகர்கள் காட்டும் தாராளத்தில் கால் பங்கையாவது கோதாவுக்குள் நடப்பதைக் கவனிப்பதில் காட்டக் கூடாதா என்பது என் நெடுநாளைய மனத்தாங்கல்.

இந்தப் பருவத்தில் அதிகமாக வசைபட்ட ஓர் இளைஞன் இருக்கிறான். பெயர் எதற்கு? கப்பலண்டிமுக்கு டீக்கடைத் தொலைக்காட்சியின் முன் ஒரு மாலை நின்றவர்களுக்கு அவன் யார் என்று தெரியும். முதல் பாதியின் 3 நிமிஷத்தில் 2 நிமிஷம் புள்ளியின்றிக் கழிந்ததும், மந்தமாக ஆடுகிறான் என்று நடுவர் அவனைச் சுட்டி 30 விநாடிக் கெடு வைப்பதும், அந்தக் கெடுவுக்குள் எல்லோரும் “பாய்! பாய்!” என்று கூச்சலிடுவதும், அவன் பாயாமலே நின்று ஒரு புள்ளியை எதிராளிக்குத் தாரை வார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். அவன் செய்கிற காரியங்களிலெல்லாம் துணிச்சலானது இந்தத் தானந்தான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த 30 விநாடியும் நம் கண் கடிகாரத்தின் மேல் இருக்கிறது; அவன் உடம்பின் மேல் இருந்தால் வேறு காட்சி கிடைக்கும். நெற்றி எதிராளியின் காதோரத்தில் அழுந்தியிருக்கிறது; வலக்கை பிடரியில் தொங்கிக் கனம் கொடுக்கிறது; இடக்கை மணிக்கட்டைப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது; முன்கால் மாத்திரம், இருக்க வேண்டியதற்கு ஒரு சாண் அதிகமாக, முன்னே நீண்டிருக்கிறது. அசட்டையால் நீண்ட காலன்று அது. தூண்டிலில் கோத்த புழு. புள்ளி ஒன்று முந்திவிட்ட எதிராளி, இரண்டாம் பாதியில் அந்தக் காலைக் கண்டு, ஆட்டத்தை இத்துடன் முடித்துவிடலாம் என்ற பேராசையில் குனிந்த அதே கணத்தில், இவன் இடுப்பைப் பின்னே எறிந்து மார்பின் பாரத்தை அவன் கழுத்தின்மேல் இறக்கி, சுற்றிப் பின்புறம் போய்விடுகிறான். 2 புள்ளி. கோலாகலமாகத் தோளில் தூக்கிக் கவிழ்க்கும் ‘தோபி பச்சாட்’ போலக் கண்ணைப் பறிப்பதல்ல இது (வேலியிலுள்ள தோபி கானாவில் கல்லில் துணி அறையும் தமிழ்நாட்டுக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்). ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது.

எதிராளி குனியவே இல்லையென்றால்? அப்பொழுதும் இவனுக்கு லாபமே. முந்தியதைக் காப்பாற்ற ஒதுங்கி ஒதுங்கிப் போகிறவனை நடுவர் எத்தனை நேரம் சகிப்பார்? கெடு இப்பொழுது அவன்மேல் விழும். அவனும் பாயத் தவறினால் 1–1. மற்றவை சமமாயிருக்கையில் கடைசியாகப் புள்ளி எடுத்தவனே ஜெயித்தவன் என்பது சட்டம். ஆக, முதல் பாதியில் இழந்த ஒரு புள்ளி, கடைசிப் புள்ளியைத் தனக்காக ஒதுக்கி வைக்க இவன் கட்டிய முன்பணம்.

இந்த வித்தை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆமூர் மல்லனைச் சோழ இளவரசன் ஒருவன் வென்றதைப் புறநானூற்றில் பாடும் சாத்தந்தையார், அவனுடைய ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்தியதைச் சொல்லிவிட்டு, மற்றொரு கால் மல்லன் செய்ய வந்த உபாயத்தைத் தடுத்து நின்றதையும் மறவாமல் சொல்கிறார். வென்ற காலுக்குக் கொடுத்த மரியாதையைத் தடுத்த காலுக்கும் கொடுத்த அந்தக் கண் நம் கூட்டத்துக்கு வாய்க்கவில்லை.

வாய்க்காததற்கு ஊரின் சரித்திரமும் ஒரு காரணமாக இருக்கலாம். கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் ‘சாப்பா’ என்னும் உலோக வில்லைகளைத் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே வீசியெறிவார்கள். விழுந்து புரண்டு கைப்பற்றியவனுக்கே அன்றைய வேலை. அக்கொடுமையை எதிர்த்த கிளர்ச்சியில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. முந்திப் பாயாதவன் வீட்டில் அடுப்பு எரியாது என்றிருந்த ஊரிலே, பாயாமல் நிற்பவனைக் கண்டால் ஆத்திரம் வருவதை நான் முற்றிலும் குறை சொல்லமாட்டேன். கடற்கரை மணலில் கட்டா குஸ்தி கண்டவர்களும், முதுகு மண்ணில் படுவதையே ஆட்டத்தின் முடிவாகக் கொண்டவர்கள்; அரைப் புன்னகையோடு எடுக்கும் ஒற்றைப் புள்ளி அவர்களுக்கு ருசிக்காது.

ருசிக்காவிட்டாலும் வரப்போவது அதுதான். அடுத்த பருவத்தில் நடுவர்கள் இவனை அடையாளம் கண்டுகொண்டு, 2 நிமிஷம் ஆகும்முன்பே கை நீட்டத் தொடங்குவார்கள். எதிராளிகள் காலைப் பிடிக்கப் போவதுபோல் பாவனை செய்து பாதியில் நிறுத்திப் பழகுவார்கள். அதனால் இவன் இரண்டு மூன்று ஆட்டங்கள் தோற்பான், டீக்கடையில் நமக்குத் தலைகாட்ட முடியாது. பிறகு இவனும் அந்தப் பாவனைக்கு மறுபாவனை கற்பான். 2028-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் நெருங்குவதற்குள், இன்று இவனைத் திட்டுகிற பயிற்சியாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு முன்காலை ஒரு சாண் நீட்டக் கற்றுக்கொடுப்பார்கள். கடைசியில் தன்னைப்போலவே பொறுமைசாலியான ஒருவனை இவன் எதிர்கொள்ளும் இறுதி ஆட்டம் ஒன்று வரும், இருவரும் அசையமாட்டார்கள், அரங்கம் முழுவதும் ஊளையிடும், முடிவு 1–1 ஆக இருக்கும், கடைசிப் புள்ளி நம்மவனுடையதாக இருக்கும்.