பாரசாரிக்குப் பெயர் உண்டு

ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயருக்குள் ஒரு பெண் இருக்கிறாள். அவள் பெயர் அதில் இல்லை. செஞ்சியை ஆண்ட தேஜ்சிங், நம் கதைகளின் தேசிங்கு ராஜன், 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து இறந்தான். அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக அதே நவாப் பாலாற்றங்கரையில் எழுப்பிய ஊர் இது என்பது வரலாறு. 2019இல் மாவட்டத் தலைநகரமும் ஆகிவிட்டது. அவளை ராணிபாய் என்கிறோம். ராணி என்பது பட்டம். பாய் என்பது வடக்கே பெண்கள் பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல். இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

தேசிங்கின் குதிரைக்குப் பெயர் இருக்கிறது: பாரசாரி. அவன் நண்பன் மகமத்கானின் குதிரைக்கும் இருக்கிறது: நீலவேணி. கருங்கூந்தல் என்று பொருள். பெண் குழந்தைக்கு ஆசையாக வைக்கிற பெயர்.

தேசிங்கு ராஜன் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் ஆயா. பிறகு பெரிய எழுத்துப் பதிப்பில் படித்தேன், எம்.ஜி.ஆர். நடித்து 1960இல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தையும் பார்த்தேன். எதில் கேட்டாலும் கதையின் உச்சம் ஒன்றுதான். டில்லியில் யாராலும் ஏற முடியாத குதிரை. ஏறப்போன தேசிங்கின் தந்தை தோற்றுச் சிறைப்படுகிறார். மீசை அரும்பாத மகன் வந்து தாவி ஏறுகிறான். குதிரை விண்ணுக்கும் மண்ணுக்குமாகப் பாய்கிறது, கடைசியில் அடங்குகிறது. தந்தை விடுதலையாகிறார். குதிரை அவனுக்குச் சொந்தமாகிறது. அவன் வீரத்தைக் கண்டு பீம்சிங் தன் மகளை மணமுடித்துத் தருகிறார். ஒரே வெற்றிக்கு இரண்டு பரிசுகள்.

சிறுமியாக நான் ஆயாவிடம் கேட்டது நினைவிருக்கிறது. "அதுக்கப்புறம் அந்தக் குதுர சும்மா இருந்துச்சா ஆயா?" அவர் சொன்னார்: "ராஜாவாச்சே, அடங்கிப்போச்சு." மருமகளாக வந்த வீடுகளில் பெண்களைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல்லைத்தான் அவர் பயன்படுத்தினார். அடங்காதவளுக்கு நம் மொழியில் அடங்காப்பிடாரி என்று ஒரு பெயரே உண்டு. அதற்கு இணையாக ஓர் ஆணைச் சொல்லும் வசவை நான் கேட்டதில்லை.

இந்தக் காட்சியைக் குதிரையின் பக்கமிருந்து படித்தால் முதலில் கண்ணில் படுவது, அதில் காலம் இல்லை என்பது. இளங்குதிரை ஒன்று மனிதரைச் சுமக்கப் பழக மாதங்கள் ஆகும். முதலில் தலைக்கயிறு, பிறகு கூடவே நடப்பது, நீளக் கயிற்றில் வட்டமாகச் சுற்றுவது, வாயில் கடிவாளத்தின் இரும்பு, முதுகில் வெறும் சேணம், அதன்பின் ஆள். வழக்கமாக மூன்று வயதையொட்டி இதைத் தொடங்குகிறார்கள். முதுகெலும்பு முழுதாக வளர்ந்து முடிய ஐந்தாறு வயதாகிவிடும் என்பதால் இன்னும் பொறுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. குதிரை வேட்டையாடப்படும் விலங்கு. முதுகில் ஏதாவது பாய்ந்தால் அது சிறுத்தை என்றுதான் அதன் உடம்பு நினைக்கும். கதை திமிர் என்று காட்டுகிற துள்ளல், உண்மையில் அச்சம்.

அடக்கு என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே தமிழில் பழக்கு என்ற சொல்லும் இருக்கிறது. நல்ல குதிரைக்காரர்கள் செய்வது இரண்டாவதை. காலால் லேசாக அழுத்துகிறார்கள். குதிரை ஓரடி வைத்த அந்த நொடியில் அழுத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். அழுத்தம் கேள்வி, விடுவிப்புதான் பாடம். சரியாகச் செய்த பிறகும் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் குதிரை கற்பதை நிறுத்திவிடும். எதைச் செய்தாலும் பயனில்லை என்று தெரிந்து வெறுமனே நிற்கும். பார்க்கிறவர்கள் 'சாதுவான குதிரை' என்பார்கள்.

இந்த இடத்தில், அடக்குவது தவறு, அன்பாகப் பழக்குவதே சரி என்று கட்டுரையை முடித்துவிடலாம். என்னை அப்படி முடிக்கவிடாமல் செய்தவர் செனபோன். கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரை பழக்குவது பற்றி எழுதிய கிரேக்கர். குதிரையிடம் ஒருபோதும் கோபத்தோடு போகாதே என்கிறார். கட்டாயப்படுத்தி வாங்கும் அசைவில் அறிவும் இல்லை, அழகும் இல்லை. அது நடனக்காரரைச் சவுக்கால் அடித்து ஆடவைப்பதைப் போன்றது என்கிறார். இருபத்து நான்கு நூற்றாண்டுகள் கழித்தும் அவரைக் குதிரைகளின் நண்பர் என்று கொண்டாடுகிறார்கள், நியாயம்தான்.

அதே செனபோன் இல்லறம் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அதில் இஸ்கோமாகஸ் என்ற கனவான், பதினைந்து வயதுகூட ஆகாமல் தன் வீட்டுக்கு வந்த மனைவியைத் தான் பயிற்றுவித்த விதத்தைச் சொல்கிறார். கையோடு பழகி, பேசுமளவுக்கு அவள் வசப்பட்ட பிறகு பாடம் தொடங்கியதாகச் சொல்கிறார். அடியில்லை, வசவில்லை. குதிரை முரடாக இருந்தால் அதை வைத்திருப்பவரைக் குறை சொல்கிறோமே, மனைவி சரியில்லை என்றால் கற்றுத்தராத கணவனிடமும் குற்றம் இருக்காதா என்று சாக்ரட்டீஸ் கேட்கிறார். மனைவிக்காகப் பரிந்து பேசுவது போலத் தோன்றும் வாக்கியம். இதில் அவள் நிற்கும் இடம் லாயம்.

மென்மையின் எல்லை இங்கே தெரிகிறது. கடிவாளத்தை எவ்வளவு மிருதுவாகப் பிடித்தாலும் போகும் திசையைத் தீர்மானிப்பது பிடித்திருக்கும் கைதான். அந்த மிருது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிபடுகிறவருக்கு அடி நிற்பதே பெரிய விஷயம். அதை விடுதலை என்று எண்ணி ஏமாறக் கூடாது என்கிறேன்.

இதைக் குதிரையின் வாயாலேயே சொன்னவர் ஒரு பெண். ஆனா செவல் பதினான்கு வயதில் விழுந்து கணுக்காலில் அடிபட்டவர். அதன்பின் வாழ்நாள் முழுக்க நடக்கச் சிரமப்பட்டு, வெளியே போகக் குதிரை வண்டியை நம்பியிருந்தார். அவர் எழுதிய ஒரே நாவல் 'பிளாக் பியூட்டி' 1877இல் வந்தது. அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அதில் இரண்டு குதிரைகள் தாங்கள் பழக்கப்பட்ட கதையைச் சொல்கின்றன. பியூட்டியை நல்ல எஜமானர் பொறுமையாகப் பழக்குகிறார். ஜிஞ்சர் என்ற பெண்குதிரையை முரட்டுக் கைகள் பிடித்து அமுக்கிப் பழக்குகின்றன. அது கடிக்கிறது, உதைக்கிறது, கெட்ட பெயர் வாங்குகிறது. மென்மையாக வளர்ந்த பியூட்டியும் கடைசியில் கைமாறிக் கைமாறி விற்கப்படுகிறது. நல்ல எஜமானர் வாய்ப்பது அதிர்ஷ்டம். உரிமை என்று அதற்கு எதுவும் இல்லை. குழந்தைகள் கதை என்று ஒதுக்கப்பட்ட இந்த நூலை நம் மாணவிகள் திருமணம் பற்றிய நூலாகவும் படித்துப் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளில் அப்பர் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் அம்மாவும் ஒரு கம்பெனியில் ட்ரெயினியாகச் சேர்ந்தவர். கை பழகினால் சரியாகிவிடும் என்று முதல் நாள் சொன்னார்களாம். சில வருடங்கள் கழித்து அம்மா சொன்னார்: "கை பழகிடுச்சு. கழுத்துதான் இன்னும் பழகல." பழகாத அந்தக் கழுத்தைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் பேச்சில்லை. வேலை கற்பது வேறு, வலியைச் சொல்லாமல் இருக்கக் கற்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும்போது இரண்டாவது, முதலாவதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

ஆகவே எந்தப் பயிற்சிக் கதையைப் படித்தாலும் நான் இப்போது கேட்பது இதைத்தான்: வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்? பாரசாரி பலமுறை வேண்டாம் என்றது. கதை அதைத் தேசிங்கின் வீரத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது. பியூட்டியிடம் யாரும் கேட்கவில்லை. இஸ்கோமாகஸின் மனைவி பேசுகிறாள், ஆனால் ஒப்புக்கொள்வதற்காகவே பேசுகிறாள்.

ராணிபாய்? ஆயா சொன்ன கதையில், போருக்குப் புறப்படும் தேசிங்கு அவளிடம் விடைபெற வருகிறான். நடுவில் திரை. திரைக்கு வெளியே அவள் கை மட்டும் வெற்றிலையோடு நீள்கிறது. போகாதே என்று சொல்ல அவளுக்கு ஒரு வரி இல்லை. போர்க்களத்தில் பாரசாரியின் கால்கள் வெட்டப்படும்போது கதை நின்று அழுகிறது. அவள் தீயில் இறங்கும்போது கதை கைகூப்புகிறது. அழுகைக்கும் கைகூப்புதலுக்கும் வித்தியாசம் உண்டு. குதிரைக்கு நேர்ந்தது துயரம் என்று கதைக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு நேர்ந்ததைப் பெருமை என்றுதான் அது நினைக்கிறது. அவளை விதவையாக்கிய நவாபும் அப்படித்தான் நினைத்து ஊர் எழுப்பினார்.

என் பேருந்துச் சீட்டிலும் குடும்ப அட்டையிலும் அந்த ஊர்ப்பெயர் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. அடுத்தமுறை பிள்ளைகளுக்குத் தேசிங்கு கதை சொல்லும்போது, திரைக்கு வெளியே நீளும் அந்தக் கையருகில் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தக்கா பேரு என்ன என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். தெரியாது என்று சொல்லுங்கள். குதிரையின் பெயர் மட்டும் நமக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.