தொடாத கையின் ஜாடை

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணியை, கிருமி நீக்கியபின் அறுவை மருத்துவரின் கை தாராளமாகத் தொடும். ஆனால் அறுவை அரங்கில் அருகிலிருக்கும் கணினியின் மவுஸைத் தொடாது. தொட்டால் கையுறையை மாற்றியாக வேண்டும். அதனால் ஸ்கேன் படத்தை நகர்த்த, "இன்னும் மேலே, இல்லை, கொஞ்சம் கீழே" என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

2010இல் வீடியோ விளையாட்டுக்காக வந்த கினெக்ட் என்ற கருவி இதற்கு ஒரு வழி திறந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி, கை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அது கணிக்கும்; அதனால் எதையும் தொடாமல், காற்றில் கை காட்டும் ஜாடையாலேயே படத்தை நகர்த்தலாம். 2011இல் டொரன்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையும், 2012இல் ரத்தநாள அறுவையில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையும் அதைப் பயன்படுத்திப் பார்த்தன.

நான் ரசிப்பது அந்த ஜாடையின் அடக்கத்தை. சுத்தம் செய்த கை மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் இருக்கலாம். அகல வீச இடமில்லை. ஆகவே சின்ன அசைவிலேயே பெருந்தமனியின் முப்பரிமாணப் படம் திரும்ப வேண்டும். அதைவிடச் சிக்கல், சக மருத்துவருக்குப் படத்தைச் சுட்டிக்காட்டும் கையைக் கட்டளையென்று இயந்திரம் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது. லண்டனில் இதற்காகக் குரலையும் துணைக்கு அழைத்தார்கள்: வாய் சொல்ல, கை திருப்பியது.