பொறுமைக்கு யார் கூலி தருவது?

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர் என்றாலே மென்பொருள் நிறுவனங்கள்தான் நினைவுக்கு வரும். அங்கே வேலைக்குப் போகிறவர்களின் பைக்குகளை ஓடவைப்பவை சந்துகளில் இருக்கும் மெக்கானிக் ஷெட்டுகள். பெயர்ப்பலகையில் எழுதாவிட்டாலும் அவை பையன்கள் வேலை பழகும் தொழிற்பள்ளிகளும்தான். அந்தக் கல்விமுறையைப் பாராட்டுவதோடு எடைபோடவும் வேண்டும்.

அதன் முதல் பலம், கையைப் பழக்குவது. போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம் என்பதைப் புத்தகம் எண்ணில் சொல்லும். மரை அழியப்போகும் நொடியை மணிக்கட்டுதான் உணரும். நல்ல மெக்கானிக் ஸ்பேனரைப் பிடுங்கித் தானே செய்து முடிப்பதில்லை. தப்பாக மாட்டியதைப் பையனையே கழற்றவைத்து, மறுபடி மாட்டவைக்கிறார். டேப்பெட் சத்தத்தையும் செயின் சத்தத்தையும் பிரித்தறியும் காது, கரி படிந்த பிளக்கைக் கண்டதும் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று ஊகிக்கும் கண், எல்லாம் இப்படித்தான் வாய்க்கின்றன. பல மாணவர்களுக்கு ஒரு பயிற்றுநர் இருக்கும் தொழிற்பயிற்சி நிலைய (ஐடிஐ) வகுப்பில் ஒவ்வொரு கைக்கும் இந்தக் கவனம் கிடைப்பது கடினம்.

குறைகளும் சிறியவை அல்ல. ‘எப்படி’ என்பதைக் காட்டும் ஷெட், ‘ஏன்’ என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கார்புரேட்டர் காலத்தில் அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. 2020 ஏப்ரல் 1இல் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் சென்சார்களும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் வந்துவிட்டன. காதுக்கு எட்டாத கோளாறுக்கு ஸ்கேனரும் மின்னணு அறிவும் வேண்டும். ஷெட்டில் பல ஆண்டு கற்றவனிடம் காட்ட ஒரு சான்றிதழும் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேல், இந்தக் கல்வி ஒருவரின் சுபாவத்தை நம்பி நிற்கிறது. ஒரு மெக்கானிக் அண்ணன் நிதானமாகச் சொல்லித்தருவார். அடுத்த ஷெட்டில் திட்டுதான் பாடம்.

பொறுமையைக் குணம் என்று மட்டும் புகழும்போது அதன் செலவு மறைந்துபோகிறது. பையன் கழற்றி மாட்டும் ஒரு மணி நேரத்தில் அண்ணன் இன்னொரு வண்டியை முடித்திருப்பார். அந்த நட்டம் அவருடையது. 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம் இங்கே உதவுவதில்லை. 2019இல் விதிகளைத் தளர்த்திய பிறகும், நான்கு பேராவது வேலைசெய்யும் நிறுவனம்தான் பழகுநரைச் சேர்க்க முடியும். ஓரிருவர் நடத்தும் ஷெட் கணக்கிலேயே வராது.

இதே சாலையின் தென்கோடியில் மாற்று வழிக்கு முன்மாதிரி உண்டு. குருவின் பக்கத்தில் அமர்ந்து கற்ற சிற்பக்கலைக்கு மாமல்லபுரத்தில் 1957இல் அரசு பயிற்சி மையம் தொடங்கியது. இன்று அது பட்டம் வழங்கும் கல்லூரி. உளி மாணவர் கையில்தான் இருக்கிறது. கற்பிப்பவருக்குச் சம்பளமும் இருக்கிறது.

கோயிலும் கலையும் சார்ந்த கல்லுக்குக் கிடைத்த மரியாதை கிரீஸ் படிந்த கைக்கும் கிடைக்க, தனிக் கல்லூரி கட்ட வேண்டியதில்லை. ஷெட்டை அருகிலுள்ள ஐடிஐயோடு இணைக்கலாம்: கைவேலை ஷெட்டில், மின்னணுப் பாடமும் தேர்வும் ஐடிஐயில், சொல்லித்தரும் நேரத்துக்கு மெக்கானிக்குக் கூலி. அதுவரை நாம் சொல்லும் பாராட்டு, கொடுக்க வேண்டிய கூலியைத் தள்ளிப்போடும் வழிதான்.