கருத்துக் கணிப்பும் கட்சிக் கண்ணும்

2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் மாலை, நாடாளுமன்றத் தேர்தலின் ஏழாவது கட்ட வாக்குப்பதிவு முடிந்த சற்று நேரத்தில், நாட்டின் தொலைக்காட்சிகள் ஏறத்தாழ ஒரே குரலில் பேசத் தொடங்கின. ஆளும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் வரை கிடைக்கும் என்றது ஒரு கணிப்பு. 353 முதல் 383 என்றது மற்றொன்று. நானூறை ஒட்டி வரும் என்றது இன்னொன்று. ஜூன் 3ஆம் நாள் மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்குகள் எண்ணப்பட்டன. கூட்டணிக்குக் கிடைத்தவை 293. பாரதீய ஜனதா கட்சிக்குத் தனித்து 240. எதிரணியினர் 234 இடங்களில் வென்றிருந்தனர். 80 இடங்களைக் கொண்ட உத்தரப் பிரதேசத்தில் ஆளும் கூட்டணி 36இல் நின்றுவிட்டது. அன்று சென்செக்ஸ் 4,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. முதல் நாள் கணிப்பை நம்பி வாங்கிய எளியவர்களின் பணம் அந்தச் சரிவில் கரைந்தது.

அன்றிரவு நம் வீடுகளில் எழுந்த தீர்ப்பு யாவரும் அறிந்ததே. "கணிப்புகள் எல்லாம் விலைக்கு வாங்கப்பட்டவை, இனி ஒன்றையும் நம்பலாகாது" என்பதே அது. தீர்ப்பு நான்கு மாதங்கள் நிலைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹரியானா சட்டமன்றத் தேர்தல் வந்தது. கணிப்புகள் ஏறக்குறைய அனைத்தும் காங்கிரஸ் வெல்லும் என்றன. விலைக்கு வாங்கப்பட்டவை என்று ஜூனில் தள்ளப்பட்ட அதே நிறுவனங்களின் எண்கள் அக்டோபரில் நம்மவர் கைப்பேசிகளில் மகிழ்ச்சிச் செய்தியாகப் பறந்தன. எண்ணிப் பார்த்தபோது 90 இடங்களில் பாரதீய ஜனதா 48, காங்கிரஸ் 37. அப்பொழுது எழுந்த சொல் வேறு: "கணிப்பு சரி, எண்ணிக்கையில்தான் ஏதோ நடந்திருக்கிறது!"

எண்ணிக்கையில் ஐயம் எழுப்புவது குடிமக்களின் உரிமை. அதற்குரிய சான்றோடு எழுப்பலாம். நாம் இங்கே எடுத்துக்கொண்டது வேறு. ஒரே அறிவிப்பாளரை, அவர் நமக்கு வேண்டாததைச் சொல்லும்போது பொய்யர் என்றும், வேண்டியதைச் சொல்லும்போது நம்பகமானவர் என்றும் கூறும் பழக்கத்தையே பேச வந்தோம். பிற சமூகத்தாரிடம் இப்பழக்கம் இருப்பின் வியப்பில்லை. அறிவிப்பாளர்களை எடைபோடுவதற்கென்றே ஒரு தனிக் கலையை உருவாக்கிய சமுதாயத்தில் அது இருப்பதுதான் நம்மை உறுத்துகிறது.

ஹதீஸ் கலையில் ‘ஜரஹ், தஅதீல்’ என்ற பிரிவைப் பெயரளவிலேனும் அறியாத முஸ்லிம் வீடு குறைவு. நம்பகமான அறிவிப்பாளர் யார், தள்ளத்தக்கவர் யார் என்று பிரித்தறியும் கலை அது. அதில் சார்புடையவரின் அறிவிப்பு எவ்வாறு கையாளப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. சார்பே இல்லாத மனிதர்கள் கிடைத்தால்தான் செய்தியை ஏற்போம் என்று முஹத்திஸ்கள் கூறவில்லை. அவ்வாறு கூறியிருந்தால் நூல்களில் பெரும்பகுதி வெறுமையாகிவிடும். ஹிஜ்ரி 852இல் மறைந்த ஹாபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘நுக்பதுல் ஃபிகர்’ நூலின் விரிவுரையில் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறார்கள். பித்அத்தான கொள்கையுடைய ஒருவர் வாய்மையாளராகவும், தம் கொள்கைக்கு ஆள் சேர்ப்பவராக இல்லாதவராகவும் இருப்பின் அவரது அறிவிப்பு கொள்ளப்படும். ஆனால் அவர் அறிவிக்கும் செய்தி அவரது கொள்கைக்கே வலுச் சேர்ப்பதாயின் அது தள்ளப்படும். இக்கருத்தைத் தமக்கு முன் தெளிவுறக் கூறியவர் என்று, இமாம் அபூதாவூத், இமாம் நஸயீ ஆகியோரின் ஆசிரியரான ஜூஸஜானி அவர்களை இப்னு ஹஜர் சுட்டுகிறார்கள்.

இந்த அளவுகோலில் ஆளின் சார்பு மட்டும் கேட்கப்படவில்லை. அவர் கொண்டுவரும் செய்தி எத்திசையில் சாய்கிறது என்பதும் கேட்கப்படுகிறது. சார்பும் செய்தியும் ஒரே திசையில் ஓடினால் ஐயம். எதிரெதிர்த் திசையில் ஓடினால் வலிமை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் இம்ரான் பின் ஹித்தான் என்ற காரிஜியிடமிருந்தும் ஓர் அறிவிப்பை எடுத்திருக்கிறார்கள். அலீ (ரலி) அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து பாடியவர் அந்த இம்ரான். எனினும் பொய்யைப் பெரும் பாவமெனக் கருதிய கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். அவரிடமிருந்து எடுக்கப்பட்டதும் அவரது கட்சிக்கு ஆதாயம் தரும் செய்தியன்று, பட்டாடை பற்றியது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மேலே சொன்ன ஜூஸஜானி அவர்களே ஒரு சார்புடையவர். அலீ (ரலி) அவர்களின் பால் சாய்வுடைய கூஃபா நகரத்தாரிடம் அவருக்குக் கடுமை மிகுதி. ஆகவே கூஃபாவினரைப் பற்றி அவர் கூறும் குறைகளை அப்படியே ஏற்கலாகாது, நின்று நிதானிக்க வேண்டும் என்று அதே இப்னு ஹஜர் (ரஹ்) ‘லிஸானுல் மீஸான்’ முன்னுரையில் எழுதுகிறார்கள். சார்பைக் கண்டறியும் விதியை வகுத்தவரையும் அந்த விதிக்கு உட்படுத்திய நேர்மையை என்னவென்று புகழ்வது! அவர் வகுத்த விதியைத் தள்ளவில்லை, அவரையும் விட்டுவிடவில்லை.

இந்தக் கண்ணோடு 2024ஆம் ஆண்டுக் கணிப்புகளை மீண்டும் பார்ப்போம். 361 முதல் 401 என்று கூறிய நிறுவனமே 2019இல் 339 முதல் 365 என்று கூறியிருந்தது. அவ்வாண்டுக் கூட்டணி பெற்றது ஏறக்குறைய 353. ஒருமுறை சரியாக அறிவித்தவர் அடுத்த முறை தவறினால் அவரைப் பொய்யர் வரிசையில் வைப்பதா, நினைவாற்றல் பிசகியவர் வரிசையில் வைப்பதா? ஹதீஸ் கலையில் இவ்விரண்டும் வெவ்வேறு குற்றங்கள். அந்நிறுவனத்தின் தலைவர் முடிவு வெளியான நாளில் தொலைக்காட்சியிலேயே கண்ணீர் விட்டார். கண்ணீர் குற்றமின்மைக்குச் சான்றாகாது. ஆயினும் கூலிக்குப் பேசியவரின் முகம் அதுவன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. பிசகு எங்கே நேர்ந்திருக்கலாம் என்பதற்கு எளிய விடைகள் உள்ளன. வாசலில் வந்து நிற்கும் அறிமுகமற்ற ஒருவரிடம், ஆளும் கட்சிக்கு எதிராக வாக்களித்ததை அஞ்சி வாழும் ஏழை ஏன் சொல்லப் போகிறார்? அடுத்து, வாக்கை இடமாக மாற்றும் கணக்கு. 2019இல் பாரதீய ஜனதா பெற்ற வாக்கு 37.4 விழுக்காடு, இடங்கள் 303. 2024இல் வாக்கு 36.6 விழுக்காடு, இடங்கள் 240. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான நகர்வில் 63 இடங்கள் போயின. வாக்கு எங்கே குறைந்தது, எதிரணி எங்கே ஒன்றுபட்டது என்பவற்றைப் பொறுத்தது அது. நாடு தழுவிய சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு இதை முன்னறிவது கடினம்.

பிழை எப்பொழுதும் ஒரே பக்கம் சாய்வதுமில்லை. 2004இல் பெரும்பாலான கணிப்புகள் வாஜ்பாயி அரசே முந்தும் என்றன; காங்கிரஸ் 145, பாரதீய ஜனதா 138 என முடிவு வந்தது. 2014இல் அதே கட்சியின் வெற்றியைப் பல கணிப்புகள் குறைத்தே மதிப்பிட்டன. கூட்டணி 336 இடங்களைப் பெற்றது.

"அத்தனை பேரும் ஒன்றையே சொன்னார்களே" என்று கேட்பாருண்டு. இதற்கும் விடை பழைய நூல்களில் இருக்கிறது. முதவாத்திர் என்ற உறுதி நிலையை ஒரு செய்தி அடைய, அறிவிப்போர் பலராய் இருந்தால் போதாது. அவர்கள் கூடிப் பேசிப் பொய்யுரைத்தல் வழக்கத்தில் இயலாததாகவும் இருக்க வேண்டும். பத்து நிறுவனங்கள் ஒரே வகையான கேள்வியை, ஒரே வகையான மனிதர்களிடம் கேட்டு, தம் எண் பிறர் எண்ணிலிருந்து விலகிவிடுமோ என்று அஞ்சித் திருத்தியும் கொண்டால், அது பத்து சாட்சியன்று. ஒரு சாட்சியின் பத்து எதிரொலி.

இணையவழிக் கணிப்புகளின் நிலை இதனினும் தாழ்ந்தது. யூடியூப் அலைவரிசை ஒன்றில் ‘அடுத்த முதல்வர் யார்?’ என்று கேட்டு இரண்டு லட்சம் பேர் பொத்தானை அழுத்தினர் என்கிறார்கள். எவர் அழுத்தினார்? அந்த அலைவரிசையை விரும்பிப் பார்ப்பவர். கட்சிக் குழுவில் ‘உடனே சென்று வாக்களியுங்கள்’ என்ற கட்டளையைப் பெற்றவர். கைப்பேசியும் ஓய்வும் உடையவர். வாக்குரிமையே இல்லாத சிறுவனும், துபாயில் இருக்கும் நண்பனும் அதில் அடக்கம். வயலில் நிற்கும் பெண் அதில் இல்லை. தொகை பெரிதாயிருப்பதால் உண்மை பெருகாது என்பதற்கு அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டிலேயே விலை கொடுத்தார்கள். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அஞ்சலில் அனுப்பியது; இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. முந்தைய தேர்தல்களில் சரியாகச் சொன்ன இதழ் அது. லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி, மோட்டார் வண்டி உடையோர் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பொருளாதார வீழ்ச்சியில் வாடிய ஏழைகள் அவற்றில் அரிது. திருப்பி அனுப்பியவர்களிலும் ஆட்சியின் மேல் சினமுற்றவர்களே மிகுதி. மிகக் குறைந்த எண்ணிக்கையினரைத் தேர்ந்து கேட்ட காலப் என்பவரின் கணிப்பு வெற்றியாளரைச் சரியாகச் சொல்லிற்று. இதழ் 1938இல் நின்றுபோயிற்று.

பித்அத்துக்காரர் தம் பித்அத்தையே அறிவிப்பதற்கு இக்கால எடுத்துக்காட்டும் அந்நாட்டிலேயே உண்டு. 2012ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் கணிப்புகள் ஒபாமா பக்கம் சாய்ந்தன. எதிர்க்கட்சி ஆதரவாளர் ஒருவர் அவற்றையெல்லாம் எடுத்து, ‘இதில் நம் கட்சியினரைக் குறைவாகச் சேர்த்திருக்கிறார்கள்’ என்று தாமே விகிதத்தை மாற்றிப் போட்டு, ராம்னி முந்துகிறார் என இணையத்தில் வெளியிட்டார். திருத்தம் என்ற பெயரில் ஆசை உள்ளே நுழைந்தது. முடிவு 332க்கு 206 என்று ஒபாமாவுக்கே சென்றது.

நம்மைப் பற்றியே கூறப்படும் கணிப்புக்கு வருவோம். தேர்தல் முடிந்ததும் விவாத மேடைகளில் "தமிழ்நாட்டு இஸ்லாமியர்களில் இத்தனை விழுக்காட்டினர் இன்ன அணிக்கு வாக்களித்தனர்" என்று ஒரு வாக்கியம் தவறாமல் விழும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. ஆயிரம் பேரைக் கேட்கும் ஒழுங்கான கணிப்பில் நம்மவர் ஏறக்குறைய 59 பேர். ஆயிரம் பேரைக் கொண்டு கூறும் எண்ணில் இருபுறமும் 3 விழுக்காடு பிசகு இயல்பு. 59 பேரைக் கொண்டு கூறும் எண்ணிலோ அது 13 விழுக்காடு. அறுபது என்று சொன்னால் அது 47ஆகவும் இருக்கலாம், 73ஆகவும் இருக்கலாம். இத்தகைய எண்ணை வைத்துக்கொண்டுதான் ஒரு சாரார் ‘வாக்கு வங்கி’ என்கின்றனர். மற்றொரு சாரார் ‘நன்றி மறந்தவர்கள்’ என்கின்றனர். கீழக்கரைக் கடைக்காரரும், வாணியம்பாடித் தோல் தொழிலாளியும், மேலப்பாளையத்துப் பீடி சுற்றும் தாயும் அந்த 59இல் யார் யாரென்று எவரும் கேட்பதில்லை. நம் தலைவர்களும் கேட்பதில்லை. எண் தங்களுக்குச் சாதகமாயின் அதைத் தொகுதிப் பேரத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

அரசியல் விமர்சகர் என்ற சொல்லும் நம்மை வருத்துகிறது. இலக்கியத்தில் விமர்சகர் என்பவர் தாம் கொண்ட அளவுகோலை முதலில் வைத்துவிட்டுப் பிறகு நூலைத் தொடுவார். 2024இல் தமிழ்நாடு ஏப்ரல் 19ஆம் நாள் வாக்களித்துவிட்டு ஜூன் 4 வரை, 46 நாட்கள் காத்திருந்தது. அந்நாட்களில் நாள்தோறும் மேடைகளில் வீற்றிருந்தவர்களின் பெயருக்குக் கீழே ‘மூத்த பத்திரிகையாளர்’, ‘அரசியல் நோக்கர்’ என்றே எழுதிக் காட்டினர். எக்கட்சியின் ஊதியம், எக்கட்சியின் மேடை, முன்பு எத்தனை முறை தவறினார் என்ற குறிப்பு எங்கும் இல்லை. இஸ்னாது இல்லாத செய்தி அது. சட்டமும் இங்கே துணை செய்யவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் கழியும்வரை எக்ஸிட் போல் முடிவை வெளியிடலாகாது என்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. எப்பொழுது சொல்லலாம் என்று கூறும் அப்பிரிவு, எத்தனை பேரைக் கேட்டாய், யார் பணம் கொடுத்தார் என்று கேட்கவில்லை.

திருமறையின் 49ஆம் அத்தியாயம் செய்தி கொண்டுவருபவனின் தன்மையறிந்து தீர விசாரிக்கச் சொல்கிறது. 5ஆம் அத்தியாயம் ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்கிறது. முதலாவதை நாம் பிறர் மேல் ஏவுகிறோம். இரண்டாவதை மேடையில் ஓதுகிறோம். ஹரியானா முடிவு வருமுன்பே "எங்கள் அணி அங்கே தோற்கக்கூடும்" என்று எதிரணிச் சார்புடைய ஒரு விமர்சகர் கூறியிருந்தால், முஹத்திஸ்களின் அளவுகோலில் அவரது சொல்லுக்கே எடை மிகுதி. தம் சார்புக்கு எதிராகச் சாட்சி சொல்பவர் அவர். நம் வாட்ஸ்அப் குழுக்களில் அத்தகையவருக்குக் கிடைப்பது ‘சங்கி’ என்ற பட்டம். "நானூறு வராது" என்று கூறிய ஆளும் கட்சி ஆதரவாளருக்கு அவர் பக்கத்தில் கிடைப்பது ‘துரோகி’ என்ற பட்டம். இருவரும் அடுத்த தேர்தலில் வாய் திறக்கமாட்டார்கள். எஞ்சியிருப்போர் பேசுவதையே நாம் மறுபடியும் கேட்டுக்கொண்டிருப்போம்.