கடல்கொண்ட நாட்டின் மொழி

அண்மையில் உத்தமபாளையத்தில் நடைபெற்ற இலக்கியக் கூட்டமொன்றில், ஆதம் நபி (அலை) அவர்கள் பேசிய மொழி தமிழே என்று சொற்பொழிவாளர் ஒருவர் முழங்கினார். அவர்கள் இறங்கிய இடம் ஸரந்தீப். ஸரந்தீப் குமரிக்கண்டத்தின் எஞ்சிய துண்டு. குமரிக்கண்டத்தின் மொழி தமிழ். வழக்கு முடிந்தது! கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. இராயப்பன்பட்டிக்குத் திரும்பும் பேருந்தில், "ஹஜ்ரத், கிதாபுகளில் இப்படி இருக்கிறதா?" என்று என் மாணவன் கேட்டான்.

இக்கொள்கைக்குப் பெருவடிவம் தந்தவர் தேவநேயப் பாவாணர். 1966இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல், மூழ்கிய குமரிநாடே மாந்தனின் பிறந்தகம் என்றும், தமிழே திராவிடத்துக்குத் தாய், ஆரியத்துக்கு மூலம் என்றும் நிறுவ முயல்கிறது. தமிழ்ச் சொற்களின் வேரைத் துருவியதில் அவருக்கு நிகரானோர் சிலரே. ஆனால், அந்த நாடு எங்கே? லெமூர் என்னும் விலங்கு மடகாஸ்கரிலும் அதன் உறவினங்கள் இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணம் தேடிய ஸ்க்லேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், 1864இல் இடையில் ஒரு நிலத்தை ஊகித்து 'லெமூரியா' எனப் பெயரிட்டார். நிலத்தட்டுகளே நகர்கின்றன என்பது 1960களில் நிலைபெற்றபின் அந்த ஊகத்துக்குத் தேவையில்லாமற் போயிற்று. இறையனார் களவியல் உரை கடல்கோளைக் கூறுகிறதே எனலாம். கரையோர நிலம் கடலுள் போவது உலகில் நடப்பதுதான். அதனால் அது கண்டமாகிவிடாது.

சொற்பொழிவாளர் காட்டிய மொழிச் சான்று 'அப்பா', 'அபூ' என்ற ஒலியொப்புமை. குழந்தையின் வாயில் முதலில் எழும் ஒலிகளைக்கொண்டு உறவு நாட்டினால் உலக மொழிகள் யாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகிவிடும். மொழியின் உறவு அதன் கட்டமைப்பில் இருக்கிறது. அரபியில் க, த, ப என்ற மூன்று மெய்கள் அசையாமல் நிற்க, உள்ளே உயிர்கள் மாறி 'கிதாப்' (நூல்) என்றும் 'காதிப்' (எழுதுபவன்) என்றும் ஆகும். முன்னொட்டும் சேர்ந்தால் 'மக்தப்' (பள்ளி). தமிழிலோ 'எழுது' என்னும் அடி முன்னே நிற்க, எழுதினான், எழுதுகிறவர் எனப் பின்னே உறுப்புகள் ஒட்டிக்கொண்டே போகும். இரு மொழியையும் ஓதியவனுக்கு இவை இருவேறு தறிகள் என்பது முதலாண்டிலேயே விளங்கிவிடும்.

மாணவனுக்கு நான் எடுத்துக்காட்டியது இப்னு ஹஸ்மை (994–1064). ஸ்பெயினில் வாழ்ந்து அரபியில் எழுதிய அந்தப் பேரறிஞர், ஸுர்யானி, இப்ரானி, அரபி மூன்றும் ஒரு மொழியாயிருந்து, மக்கள் இடம் பெயர்ந்ததால் பிரிந்தவை என்று கண்டார். எனினும் ஆதம் (அலை) முதலில் எம்மொழி பேசினார்கள் என்பதை நாம் அறியோம் என்றே கூறினார். எந்த மொழிக்கும் பிறப்பால் சிறப்பில்லை என்றும் வாதிட்டார். வேதத்தின் மொழியைத் தம் மொழியாகக் கொண்டவருக்கே அந்த அடக்கம் இருந்தது!

தமிழுக்கு முதுமை இல்லையா? நம் மாவட்டத்திலேயே, வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி எழுத்துடைய நடுகற்கள் கிடைத்தன. அவற்றின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவு என்பர் ஆய்வாளர். அவற்றுள் ஒன்றில் 'ஆகோள்' என்ற சொல் இருக்கிறது. ஆநிரை கவர்தலைக் குறிக்கத் தொல்காப்பியம் ஆளும் அதே சொல், ஏதோ ஓர் ஊரார் இறந்தவனுக்காக நட்ட கல்லில்! அக்கல் கூறும் 'கூடல் ஊர்' நம் பள்ளத்தாக்கின் கூடலூரே என்று கருதுவோரும் உண்டு. அன்று இரண்டு மணி நேரம் நடந்த கூட்டத்தில், அந்தக் கல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.